பாடும் உரிமையும் அளக்கும் கோலும்

நாடுகள் கூடிப் போட்டியிடும் எந்த அரங்கிலும் முதலில் பேசுவது விதி. எவர் மேடை ஏறலாம், எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எவர் தீர்ப்பளிப்பார் என்பவற்றை வகுத்தவர் எவரோ, அவரே வெற்றியின் வடிவத்தையும் போட்டி தொடங்குமுன் வகுத்துவிடுகிறார். ஓட்டப் பந்தயத்தில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. நூறு மீட்டர் என்பது எல்லா நாட்டிலும் நூறு மீட்டர்தான். இசைக்கு அத்தகைய பொது அளவு கிடையாது. ஒரு மக்கள் கூட்டத்தார் காதுக்கு இனிமையாய் இருப்பது இன்னொரு கூட்டத்தார் காதுக்குப் பிழையாய்ப் படலாம். ஒருவர் முழுமை என்று கொள்ளும் பாட்டு இன்னொருவருக்குத் தொடக்கமாகவே தோன்றலாம். ஆகவே ஆசிய நாடுகளும் பசிபிக் தீவு நாடுகளும் தங்களுக்குள் ஒரு பாடற்போட்டியை நடத்த வேண்டும் என்ற எண்ணம் நாற்பது ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் எழுந்து வருகையில், அதை நடத்துவதா வேண்டாமா என்னும் வினாவைவிட, எந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நடத்துவது என்னும் வினாவே தலையாயது என நாம் கருதுகிறோம்.

இவ்வகைப் போட்டிக்கு உலகம் அறிந்த முன்னுதாரணம் யூரோவிஷன். 1950-இல் தோன்றிய ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம், இத்தாலியின் சான்ரெமோ பாடல் விழாவைப் பார்த்து, 1956 மே மாதம் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் அதன் முதல் அரங்கை அமைத்தது. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாடல்கள். போர் முடிந்து பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன; ஆக்கிரமித்த ஜெர்மனியும், ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சும் பெல்ஜியமும் நெதர்லாந்தும் லக்சம்பர்க்கும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பாடின. அந்தத் துணிவை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அதே முதல் அரங்கில், நடுவர்கள் தம் சொந்த நாட்டுக்கும் வாக்களிக்கலாம் என்றிருந்தது, லக்சம்பர்க் தன் நடுவர்களை அனுப்பாததால் அவர்களுக்கு மாற்றாகச் சுவிட்சர்லாந்தின் நடுவர்கள் வாக்களித்தனர், சுவிட்சர்லாந்து வென்றது, வாக்கு விவரம் இன்றுவரை வெளியிடப்படவில்லை. நல்ல நோக்கம் நல்ல விதியைத் தானாகவே பெற்றெடுத்துவிடாது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று அப்போட்டியின் வரலாற்றில் இருக்க இயலாது.

நம் பகுதியின் முயற்சிகள் இதற்குப் பல ஆண்டுகள் பின்னரே தொடங்கின. கோலாலம்பூரிலிருந்து இயங்கும் ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 1985 முதல் 1987 வரை மூன்று ஆண்டுகள் ஒரு பாடற்போட்டியை நடத்தி, பின்பு நிறுத்திக்கொண்டது. 2008-ஆம் ஆண்டளவில் யூரோவிஷன் வடிவத்தை இங்கே கொண்டுவரும் பேச்சு எழுந்தது. அதன் உரிமை சிங்கப்பூரிலிருந்த ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குச் சென்றது, ஒலிபரப்பு ஒன்றியம் தன் செய்திப் பரிமாற்றச் சேவைக்கு ஏற்கெனவே வழங்கிவந்த பெயரையே அந்நிறுவனம் போட்டிக்கும் சூட்டியதால் பெயரை மாற்ற நேர்ந்தது, மக்காவ் என்றார்கள், பிறகு மும்பை என்றார்கள், திரை விலகவேயில்லை. 2016 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனம் அதே வடிவத்தை மறுபடி கையில் எடுத்து, மறு ஆண்டே தொடங்கப்போவதாக அறிவித்தது. அந்த மறு ஆண்டும் வாளாவே கழிந்தது. இவற்றுக்கு நடுவே, ஆரவாரமில்லாமல் நடந்தது ஒன்றுண்டு. 2012 அக்டோபரில் சோல் நகரில் ஆசிய-பசிபிக் ஒன்றியம் இரு விழாக்களைத் தொடங்கிற்று. வானொலிக்கான விழா நடுவர் தேர்வோடு கூடியது, தொலைக்காட்சிக்கான விழா பரிசும் வரிசையும் இல்லாதது. அவ்வானொலி விழா 2014-இல் கொழும்பில் நடந்தது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் அதற்குத் தந்த இடம் மிகச் சிறிது. அக்குறையில் இவ்வேட்டுக்கும் பங்குண்டு என்றே கொள்ளலாம், ஏனெனில் அண்டை நாடுகளின் இசைச் செய்தியை நாளேடுகள் அனைத்துமே அருமையாகத்தான் அச்சேற்றுகின்றன.

சொந்த அரங்கு உறுதிப்படாத இடத்தில் நேர்வது என்ன என்பதை அண்மைக்காலம் காட்டியிருக்கிறது. உக்ரைன் மீது படையெடுத்தமைக்காக 2022-இல் யூரோவிஷனிலிருந்து விலக்கப்பட்ட ரஷ்யா, பனிப்போர்க் காலத்து இன்டர்விஷன் போட்டிக்கு 2025-இல் மீண்டும் உயிரூட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் மாஸ்கோவில் நடந்த அப்போட்டியில் இந்தியா, சீனா, வியட்நாம் எனப் பல ஆசிய நாடுகள் கலந்துகொண்டன. வியட்நாமின் பாடகர் டுக் ஃபுக் முதற்பரிசு பெற்றார். அவர் வெற்றி அவர் திறமைக்கு உரியது. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஆசியக் குரல்கள் தம் ஒப்பற்ற செல்வத்தைப் பிறர் வகுத்த அரசியல் நோக்கங்களுக்கு அணியாகத் தரும் நிலை நெடுங்காலம் நீடிப்பது இப்பகுதியின் மதிப்புக்கு ஏற்றதன்று.

இனி அளவுகோலுக்கு வருவோம். யூரோவிஷன் விதிப்படி ஒரு பாடல் மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. வாத்திய இசை முன்பே பதிவுசெய்யப்பட்டிருக்க, முதன்மைக் குரல் நேரில் ஒலிக்க வேண்டும். ஐரோப்பாவின் மெல்லிசைக்கு இவை பொருந்திவந்தன. ஒரே மாலையில் இருபத்தைந்து பாடல்களை அரங்கேற்றும் தொலைக்காட்சியின் நெருக்கடிக்கு அவை தேவையாகவும் இருந்தன. அவ்விதிகளை அப்படியே பெயர்த்து நடும்போது இங்கே எது வெளியே நிற்கும் என்பதைத்தான் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தாஹித்தித் தீவின் பாப்பேத்தே நகரில் ஆண்டுதோறும் சூலையில் நடக்கும் ஹெய்வா விழாவில் 'ஹிமேனே தாராவா' என்னும் கூட்டுப்பாடல் போட்டி ஒன்று உண்டு. ஒரு குழுவில் பல பத்துப் பேர் அமர்ந்திருப்பார்கள். முன்வரிசைகளில் பெண்கள், பின்வரிசைகளில் ஆண்கள். ஒரு பெண்குரல் தனியே எழுந்து வரியைத் தொடங்கிவைக்கும். அதன்மேல் மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாய் ஏறிப் பல அடுக்குகளாய் விரியும். அனைத்துக்கும் உச்சியில் ஒரு கூரிய பெண்குரல் தன்போக்கில் வளைந்து செல்ல, அடியில் ஆண்களின் அடித்தொண்டை உறுமல் தாளமாய் நின்று தாங்கும். கருவி ஏதும் வேண்டியதில்லை. கிறித்தவச் சமயப் பரப்பாளர்கள் கொண்டுவந்த தோத்திரப் பாடல்களும் பாலினேசியரின் பழைய பல்குரல் மரபும் கலந்து பிறந்த இசை இது. 1819-இல் அரசன் இரண்டாம் போமாரேயின் சட்டத்தொகுப்பு பழைய ஆடல்பாடல்களுக்குத் தடைவிதித்த தீவில், 1880-இல் ஆட்சி பிரான்சின் கைக்குப் போனபின், 1881 முதல் குடியேற்ற அரசின் தேசியநாள் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாய் நடந்த போட்டிகளில் அம்மக்கள் தம் பாட்டை விடாமல் காத்தனர். மேடையில் ஆறு பேர்தான் என்ற ஒரு வரி விதி, தடைச்சட்டமும் அந்நிய ஆட்சியும் செய்ய இயலாததை ஒரு மாலையிலேயே செய்துவிடும்.

பாலித் தீவின் கமலான் இசையை நோக்குவோம். வெண்கலத் தகடுகளையும் மணிகளையும் கொண்ட அக்கருவிக் கூட்டத்தில் இணைக் கருவிகள் இரண்டையும் ஒரே சுருதியில் சேர்ப்பதில்லை. ஒன்றைச் சற்றே ஏற்றியும் மற்றதைச் சற்றே இறக்கியும் வேண்டுமென்றே அமைப்பார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டும்போது அந்தச் சிறு வேறுபாட்டால் ஓசையில் ஓர் அதிர்வு, அலை போன்ற ஒரு நடுக்கம் எழுகிறது. அந்த நடுக்கம் இல்லையேல் ஓசைக்கு உயிரில்லை என்பது பாலி மக்கள் துணிபு. பியானோவின் பன்னிரண்டு சுரத்தானங்களை மட்டுமே கேட்டுப் பழகிய நடுவர் ஒருவர் அதைச் சுருதி பிசகியதாகவே குறித்துக்கொள்வார். சாவகத்திலோ ஒரு கமலான் தொகுதியின் சுருதி இன்னொரு தொகுதியின் சுருதியோடு ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. மங்கோலியப் புல்வெளிகளில் ஒரே மனிதர் ஒரே தொண்டையில் ஆழ்ந்த நெடுநாதத்தையும் அதன்மேல் சீழ்க்கை போன்ற மேல்நாதத்தையும் ஒருங்கே எழுப்புகிறார். இவற்றையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, உலகின் எல்லா விமான நிலையங்களிலும் ஒலிக்கும் ஒரே வார்ப்பு இசையை நாற்பது கொடிகளின் கீழ் நாற்பது முறை கேட்பதற்கு, ஆசிய-பசிபிக் என்ற பெயர் எதற்கு?

போட்டி என்பதே கலைக்கு இழுக்கு என்று சொல்லி இச்சிக்கலைக் கடந்துவிடலாம் என எண்ணுவோர் உண்டு. பசிபிக் நாடுகள் 1972-இல் ஃபிஜியின் சுவா நகரில் தொடங்கி நடத்திவரும் பசிபிக் கலை விழா பரிசுகள் அற்றது என்பதையும், அவ்விழா அரைநூற்றாண்டு கடந்து 2024-இல் ஹவாயில் நடைபெற்றது என்பதையும் அவர்கள் சான்றாகக் காட்டலாம். அச்சான்றை மதிக்கிறோம், எனினும் அக்கருத்தை முழுதும் ஏற்க இயலவில்லை. போட்டியின் கூர்மை கலையைத் தீட்டியதற்கும் அதே கடற்பரப்பில் சான்றுண்டு. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் கபா ஹக்கா என்னும் ஆடல்பாடல் குழுக்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கூடும் தே மாத்தாத்தினி விழா கடும் போட்டி. ஆனால் அங்கே ஒரு குழுவுக்குக் கிடைக்கும் நேரம் மூன்று நிமிடமன்று, இருபது நிமிடத்துக்கும் மேல்; நுழைவுப் பாட்டு, தொன்மையான ஓதல், கையசைவுப் பாட்டு, பெண்களின் 'போய்' என்னும் ஆட்டம், ஹக்கா, விடைபெறும் பாட்டு எனப் பகுதி பகுதியாய் மதிப்பிடப்படுகிறது; மாவோரி மொழியின் தூய்மைக்கும் வளத்துக்கும் தனி மதிப்பெண்ணும் தனிப் பரிசும் உண்டு. பள்ளிகளில் அடித்து ஒடுக்கப்பட்ட ஒரு மொழியை மீட்கும் பணியில் அவ்விழாவின் பங்கு சிறிதன்று. ஆக, போட்டி தீங்கானதன்று. பிறர் கோலால் நம்மை அளந்துகொள்வதே தீங்கு. ஒரே மேடை, ஒரே வெற்றியாளர் என்பதை விட்டு, கூட்டுப்பாடல், தனிப்பாடல், மரபுக் கருவியிசை, இக்கால மெல்லிசை எனத் துறைகள் பிரித்து, அந்தந்த மரபை அறிந்தோரை அந்தந்தத் துறைக்கு நடுவராக்கும் வழி கடினமானதன்று; தாஹித்தியிலும் நியூசிலாந்திலும் அது நெடுங்காலமாய் நடைமுறையில் உள்ளது.

மொழியைப் பற்றிய கடமை இதனினும் பெரிது. 1965-இல் சுவீடன் ஆங்கிலத்தில் பாடியதைத் தொடர்ந்து, அவரவர் தேச மொழியிலேயே பாட வேண்டும் என்ற விதி 1966-இல் ஐரோப்பியப் போட்டியில் நுழைந்தது. 1973-இல் தளர்ந்து, 1977-இல் மீண்டு, 1999-இல் அறவே நீங்கிற்று. நீங்கியபின் மேடையை ஆங்கிலம் நிறைத்தது. அங்கேயும் சில நாடுகள் அறத்தோடு நடந்துகொண்டதைச் சொல்லியாக வேண்டும். பெல்ஜியத்தின் ஃபிளமிய, பிரெஞ்சு ஒலிபரப்பு நிறுவனங்கள் ஆண்டு மாற்றி ஆண்டு முறைவைத்துத் தம் பாடகரை அனுப்புகின்றன. சுவிட்சர்லாந்து 1989-இல், நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூடப் பேசாத ரோமான்ஷ் மொழிப் பாடலை அனுப்பிற்று. தேச மொழி ஒன்றே என்று நூற்றாண்டுகளாய் வலியுறுத்திய பிரான்சே 1996-இல் பிரெத்தோன் மொழியிலும் 2011-இல் கோர்சிகா மொழியிலும் பாடிற்று.

நாட்டுக்கு ஒரு பாடல் என்னும் விதி, பன்மொழி நாடுகள் நிறைந்த ஆசியாவில் என்ன விளைவிக்கும் என்பது தமிழருக்கு நேரிடையாகத் தைக்கும் வினா. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகளை ஏற்றிருக்கும் இந்தியா எம்மொழியில் பாடும்? சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாயுள்ள இலங்கையின் சார்பில் தமிழ்ப் பாடகர் ஒருவர் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மேடையேறுவார்? நான்கு ஆட்சிமொழிகளில் தமிழையும் ஒன்றாய்க் கொண்ட சிங்கப்பூரின் முறைவைப்பு யாது? மூன்று நாடுகளின் அரசமைப்பில் இடம்பெற்ற ஒரு மொழி மூன்று நாடுகளின் தேர்விலும் இரண்டாம் இடத்தில் நின்று, மேடையை ஒருநாளும் எட்டாமற்போவது நடக்கக்கூடாதது. விதி வகுக்காவிடில் நடக்கக்கூடியது. சந்தாலிக்கும் மணிப்புரிக்கும் இந்தோனேசியாவின் சுந்தானிய மொழிக்கும் ஜப்பானின் ஐனு மொழிக்கும் இதே கவலை பொருந்தும். நமக்கென்று கேட்பதை அவர்களுக்கென்றும் கேட்பதே முறை.

இதற்கு வழிகாட்ட ஐரோப்பாவுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. லுகானோவில் முதல் அரங்கு கூடிய அதே 1956 முதல், அகில இந்திய வானொலி குடியரசு நாளையொட்டி அனைத்து மொழிக் கவியரங்கத்தை நடத்திவருகிறது. ஒவ்வொரு மொழிக் கவிஞரும் தம் மொழியில் தம் கவிதையைப் படிக்கிறார். அது மொழிபெயர்க்கப்பட்டு அந்தந்த மாநில நிலையங்களின் வழியே அந்தந்த மொழியில் மக்களிடம் செல்கிறது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அடுத்தடுத்துக் கேட்கும் பொறுமை பொதுமக்களுக்கு உண்டு என்று நம்பித் தொடங்கிய முயற்சி அது. ஒரு பாடற்போட்டியிலும் இதைச் செய்யலாம். திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளுக்குப் பெருஞ்செலவு ஆகாது. புரியாத மொழியில் மக்கள் பாட்டுக் கேட்க மாட்டார்கள் என்னும் அச்சத்துக்கோ வரலாற்றில் இடமே இல்லை. இலங்கையின் சிங்களப் பைலாப் பாட்டான 'சுராங்கனி' சிலோன் மனோகரின் குரலில் கடல் கடந்துவந்து தமிழ்நாட்டுத் திருமண வீடுகளில் ஒலித்தது. இந்தோனேசியர் கெசாங் 1940-இல் தம் ஊர் ஆற்றைப் பற்றி இயற்றிய 'பெங்காவான் சோலோ', நாட்டைக் கைப்பற்றிய ஜப்பானியப் படையினரின் நாவிலேயே ஏறி ஜப்பானுக்குப் போய், ஆசியா முழுதும் பரவியது. பிலிப்பைன்சின் ஃபிரெடி அகிலார் 1978-இல் தகாலோக் மொழியில் பாடிய 'அனாக்' எத்தனையோ மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பாடப்பட்டது. இவற்றுள் எதுவும் ஆங்கிலத்தின் தோளேறிச் செல்லவில்லை.

வாக்கு முறையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியப் போட்டியின் விதிகளில் தயங்காமல் ஏற்கத்தக்கவை இரண்டு. முதலாவது, சின்னஞ்சிறு சான் மரினோவின் புள்ளிகளுக்கும் ஜெர்மனியின் புள்ளிகளுக்கும் ஒரே எடை. இரண்டாவது, தன் நாட்டுக்குத் தானே வாக்களிக்க இயலாமை. 140 கோடி மக்களைக் கொண்ட இந்தியாவும் சீனாவும், சுமார் 11,000 மக்களைக் கொண்ட துவாலுவும் ஒரே அவையில் அமரும்போது, இவ்விரண்டும் இல்லையேல் அவை கூடுமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அதே வேளை, நடுவர்கள் என்ற பெயராலேயே நேர்மை கிட்டிவிடாது. 2022-இல் ஆறு நாடுகளின் நடுவர் குழுக்கள் ஒருவருக்கொருவர் ஒத்திசைந்து வாக்களித்த முறை ஐயத்துக்குரியதாய்க் காணப்பட்டு, அவர்களின் புள்ளிகள் நீக்கப்பட்டன. வாக்களித்தவர் எவர், எதற்கு எவ்வளவு புள்ளி தந்தார் என்பது போட்டி முடிந்தவுடன் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தொலைபேசி வாக்குக்குக் கட்டணம் வாங்குவதும், ஒருவரே பலமுறை வாக்களிக்க விடுவதும், செல்வர் நாட்டையும் ஏழை நாட்டையும் ஒரே தட்டில் நிறுத்துவதாகாது. மேலும், சென்னையில் இரவு 7.30 மணி என்றால் சுவாவில் பின்னிரவு 2 மணி. உறங்கும் நேரத்தில் வாக்கெடுப்பை வைத்துவிட்டு, தீவு மக்கள் ஆர்வம் காட்டவில்லை என்று பின்னர்க் குறைகூறுவது அறமாகாது. ஒருநாள் முழுதும் வாக்குக் காலத்தைத் திறந்துவைப்பதே நேர்மை.

அரசியல் இதில் நுழையாது என்று எவரேனும் உறுதிகூறினால் அவ்வுறுதியை நாம் நம்பலாகாது. 1978-இல் யூரோவிஷன் அரங்கில் இஸ்ரேல் பாடியபோது ஜோர்தான் தொலைக்காட்சி மலர்களின் படத்தைக் காட்டிற்று, இஸ்ரேல் வெல்லப்போவது தெரிந்ததும் ஒளிபரப்பை அறுத்தது. பின்னர்ப் பெல்ஜியம் வென்றதாகத் தன் மக்களுக்குச் சொல்லிற்று. 2005-இல் முதன்முறையாகப் பாட ஆயத்தமான லெபனான், இஸ்ரேலின் பாடலை ஒளிபரப்ப இயலாமையால் விலகிக்கொண்டது. இரண்டும் ஆசிய நாடுகள் என்பதை மறக்கலாகாது. நம் பகுதியின் புண்கள் பல, ஆறாதவையும் பல. ஜப்பானிய ஆட்சியின் நினைவால் தென்கொரியா அந்நாட்டு வெகுசன இசைக்கு நெடுங்காலம் கதவை அடைத்திருந்து, 1998-இல் கிம் தே-சுங் குடியரசுத் தலைவராயிருந்தபோதுதான் படிப்படியாய்த் திறந்தது. 1980-களில் தைவான் பாடகி தெரசா தெங்கின் பாடல்களைச் சீன அரசு கண்டித்தும் அவை ஒலிநாடாக்களில் வீடுதோறும் புகுந்தன. ஆகவே விதி இவ்வளவேனும் தெளிவாய் இருக்க வேண்டும்: கலந்துகொள்ளும் நாடு அனைத்துப் பாடல்களையும், முடிவையும், வெட்டின்றி ஒளிபரப்பும், மறுப்பின் அந்நாட்டுக்கு அரங்கில் இடமில்லை.

செலவைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ருமேனியாவின் அரசுத் தொலைக்காட்சி கடனைச் செலுத்த இயலாமையால் 2016-இல் அந்நாட்டின் பாடகர் யூரோவிஷன் போட்டிக்குச் சில வாரமே இருக்கையில் வெளியேற்றப்பட்டார். பிழை நிறுவனத்துடையது, தண்டனை பாடகருக்கு. 2012-இல் அசர்பைஜானின் பாக்கு நகரில் அதே போட்டிக்கென எழுந்த பேரரங்கின் சுற்றுப்புறத்தில் குடும்பங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்துள்ளன. பாட்டுக்காக ஒரு குடும்பம் தெருவில் நிற்குமாயின் அப்பாட்டு நமக்கு வேண்டா. புதிய அரங்குகள் எழுப்பலாகாது. இருக்கும் அரங்குகளில் நடத்துவதே போதும். கிரிபாட்டியோ டோங்காவோ கலைஞர்களை அனுப்பும் செலவை, வசதியுள்ள நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் பொதுநிதியாய்ச் சேர்த்துத் தாங்க வேண்டும். அதைக் கொடையென எண்ணலாகாது, அரங்கில் அமர்வதற்கான கடப்பாடாகக் கொள்ள வேண்டும்.

இப்பொறுப்பு எவர் கையில் இருக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. வணிக நிறுவனம் ஒன்று வடிவத்தின் உரிமையை விலைக்கு வாங்கி நடத்துமாயின், அது விளம்பரத்துக்கு உகந்த நாடுகளையே நாடும், அதில் வியப்புமில்லை. உறுப்பு நாடுகளின் பொது ஒலிபரப்பு நிறுவனங்களே, தம் ஒன்றியத்தின் வழியே, தம் விதிகளின்படி நடத்துவதுதான் முறை. ஆஸ்திரேலியாவை யூரோவிஷனுக்கு அழைத்துச்சென்ற எஸ்.பி.எஸ். தமிழ் உள்ளிட்ட எத்தனையோ மொழிகளில் வானொலி நடத்தும் பொது நிறுவனம் என்பதும், அந்நாட்டின் சார்பில் 2016-இல் இரண்டாம் இடம் பெற்ற டாமி இம் தென்கொரியாவின் இன்சோனில் பிறந்தவர் என்பதும் இங்கே கருதத்தக்கன. குடியேறியோரின் நாட்டில் பன்மொழிப் பணியைப் பொது நிறுவனமே மேற்கொள்ள முடிந்தது.

இந்தியாவின் பிரசார் பாரதி இதில் வாளாவிருக்கலாகாது. ஆசிய-பசிபிக் ஒன்றியத்தில் மூத்த உறுப்பினர் என்ற தகுதியில், நாட்டுக்கு ஒரு பாடல் என்னும் விதியை மாற்றி மொழிகளுக்கு முறைவைக்கும் விதியை அது முன்மொழிய வேண்டும். அதற்கு முன்னர், இந்தியாவின் சார்பில் எம்மொழி எவ்வாண்டு பாடும், பாடகரைத் தேர்பவர் எவர் என்பதை வெளிப்படையாக வகுத்து மக்களுக்கு அறிவிக்க வேண்டும். இலங்கையின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் சிங்கப்பூரின் பொது ஒலிபரப்பு நிறுவனமும் இதையே செய்தல் வேண்டும். மொழிகளின் முறைவைப்பு எழுத்தில் உறுதிப்படும்வரை எவ்வகைப் பன்னாட்டுப் பாடற்போட்டிக்கும் பொதுப்பணத்தைச் செலவிட நடுவண் அரசு ஒப்புதல் தரலாகாது என்று இந்நாளிதழ் கோருகிறது.